ராஜபாளையத்திலிருந்து தாம்பரம் வரை: மல்லியோடு ஒரு கார்ப் பயணம்

பிப்ரவரி 5, 2025, புதன்: ராஜபாளையம்

ராஜபாளையத்தில் காலையில் வண்டி ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குத் தாம்பரம் வந்துவிடலாம். இங்கே நாய்க்குட்டி வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். மடியில் ஒரு டவல், டவலில் குட்டி. நாங்கள் மதுரை, திருச்சி என்று நின்று நின்று போவதாக முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பி வந்தோம். பிறந்து ஒன்பது வாரமே ஆன குட்டி, தாயை விட்டுப் பிரிகிற அதே நாளில் நாள் முழுக்கக் காரில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. தம்பி லீவு போட்டுவிட்டான். அம்மாவுக்குப் பிறந்த ஊருக்கு வர ஒரு சாக்கு.

மாமாதான் நாய் வளர்த்து விற்கிற அண்ணாச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனார். சஞ்சீவி மலை தெரிகிற பக்கம், தோட்டத்துக்குள் கொட்டகை. தரையில் மணல், அதன் மேல் சத்திரப்பட்டித் தறிகளில் மிஞ்சிய பேண்டேஜ் துணி. தாய் நாய் எழுந்து வந்து எங்கள் மூவரையும் ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி காலடியில் போய் நின்றுகொண்டது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

குட்டியைத் தூக்கும் முன் காது சோதனை. முழு வெள்ளையாகப் பிறக்கிற நாய்களில் சிலவற்றுக்குக் காது கேட்காது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் திறன் போய்விடும். கூட்டத்தோடு வைத்துச் சோதித்தால் தெரியாது, மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். தரையைத் தட்டினாலும் அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். அதனால் அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தனியே கொண்டுவந்து விட்டார். நான் பின்னால் நின்று, நிழல்கூட விழாமல், சாவிக்கொத்தைக் காற்றில் ஒரு முறை குலுக்கினேன். எங்கள் குட்டி தின்றுகொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கழுத்தை முறித்துத் திரும்பிப் பார்த்தது. அம்மா அங்கேயே மல்லி என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் தடுப்பூசி போட்ட அட்டை சரியாக இருந்தது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. அண்ணாச்சி அதற்கு முன்பிருந்தே கொடுப்பதில்லையாம். "தாயும் கூடப் பொறந்ததும் கடிச்சுச் சொல்லிக் குடுக்குறத நீங்க சொல்லிக் குடுக்க முடியாதுல்லா" என்றார். விலை பன்னிரண்டாயிரம். அதோடு நான் கேட்டு வாங்கியவை: தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு, கொட்டகை மணல் அரைச் சாக்கு. மணல் எதற்கு என்று மாமாவுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்: மாமா வீடு

இன்று கார் பக்கமே போகவில்லை. கூண்டோடுதான் முழு நாளும்.

பிளாஸ்டிக் கூண்டு, மேல் மூடி கழற்றக்கூடியது. மூடியையும் கதவையும் எடுத்துவிட்டு, அடிப்பாகத்தை மட்டும் திண்ணையில் வைத்து, உள்ளே தாயின் துணியை விரித்தோம். சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். அண்ணாச்சி கொடுத்து வந்த அதே சாப்பாடு: குழைந்த சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி, மஞ்சளும் உப்பும் இல்லாமல். ஊரும் ஆட்களும் மாறுகிற நேரத்தில் சாப்பாட்டையும் மாற்றினால் வயிறு கெடும். மதியம் மூடியை மாட்டினோம். சாயங்காலம் கதவை மாட்டினோம், ஆனால் சாத்தவில்லை. பொழுது சாய்ந்தபோது மல்லி அதற்குள் தானாகவே போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கதவை மெதுவாகச் சாத்தினேன், அவள் விழிப்பதற்குள் திறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு மனசே இல்லை. "பச்சப் புள்ளையக் கூண்டுல அடைக்கவாடி இம்புட்டுத் தூரம் வந்தோம்? நான் மடியில வெச்சுக்கிட்டு வர்றேன்." எண்பதில் போகிற வண்டி சட்டென்று நின்றால் மடியில் இருக்கும் குட்டி அதே எண்பதில் முன்னால் பறக்கும், எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. முன் சீட்டில் என்றால் காற்றுப்பை விரியும் வேகமே அதைக் கொன்றுவிடும். ஓட்டுகிறவர் காலுக்கு அடியில் புகுந்து பிரேக்கில் சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்து. இதையெல்லாம் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி கூண்டின் அளவைத் தானே சரிபார்த்தார்: எழுந்து நிற்க முடிகிறதா, திரும்ப முடிகிறதா, காலை நீட்டிப் படுக்க முடிகிறதா. அதற்கு மேல் இடம் இருந்தால் வண்டி ஆடும்போது உள்ளேயே உருண்டு அடிபடும்.

மணலின் வேலை இன்றே தெரிந்தது. அகலமான பிளாஸ்டிக் டிரேயில் கொட்டி முற்றத்தில் வைத்தோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதில் தூக்கிவிட்டால் தன் வாசனையைக் கண்டுபிடித்து உடனே மூத்திரம் இருந்துவிடுகிறாள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, ஓடியாடும்போது அதுவும் இல்லை. போய் முடித்த கையோடு ஒரு கோழித்துண்டு. வேறு இடத்தில் போனால் திட்டு கிடையாது, துடைப்பதோடு சரி.

ராத்திரி அழுதாள். கூண்டை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்து, கம்பி வழியாக விரலை விட்டுக்கொண்டேன். நக்கிவிட்டுத் தூங்கினாள். இரண்டு மணிக்கு வேறு மாதிரி அழுகை, சின்னதாக, நிறுத்தாமல். அது மணலுக்கான அழுகை.

பிப்ரவரி 7, வெள்ளி: ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பியது

காலையில் கூண்டைப் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டைக் கைப்பிடி வழியாக விட்டு இறுக்கி மாட்டினோம். நகராமல் இருக்க ஒரு பக்கம் சுருட்டிய ஜமுக்காளம். இன்ஜின் போடாமல் உள்ளே உட்கார்ந்து சாப்பாடு கொடுத்தேன். அப்புறம் இன்ஜின் போட்டு. அப்புறம் தெருமுனை வரை போய் ரிவர்ஸில் வந்தோம். ஒவ்வொரு முறையும் அவள் சலித்துப்போய்ப் படுக்கிற வரை காத்திருந்தோம். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துவிட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை போல என்று தள்ளிவிட வந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரியவர், "நாய்க்கு லைசென்ஸ் எடுக்கப் போறீகளா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை. பாதி வழியில் உதட்டை நக்க ஆரம்பித்தாள், பின்னே கொட்டாவி, பின்னே எச்சில் ஒழுகி முன்னங்கால் நனைந்தது. வாந்திக்கு முன்னால் வருகிற அறிகுறிகள். குட்டிகளுக்கு உள்காதில் சமநிலைக்கான பகுதி முழுசாக வளர்ந்திருக்காது, அதனால்தான் காரில் குமட்டுகிறது. வளர வளரப் பெரும்பாலானவற்றுக்குச் சரியாகிவிடும். தம்பி ஓரம் கட்டினான். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, கூண்டின் மூன்று பக்கமும் மெல்லிய பருத்தித் துண்டால் மூடினேன். வெளியே மரங்கள் ஓடுவது தெரியாவிட்டால் தலைசுற்றல் குறைகிறது. அசையாத வண்டியில் கொஞ்ச நேரம் படுத்ததும் எச்சில் நின்றது.

பால்கோவா கால் கிலோ நூறு ரூபாய். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறாமல் மந்தார இலையில் வைத்துக் கொடுத்தார் கடைக்காரர். காருக்குள் எட்டிப் பார்த்தவர், "பாப்பாவுக்குக் கொஞ்சம்" என்று ஒரு விரல் வழித்து நீட்டினார். இந்த ஊரின் அன்பு அப்படி. குட்டிக்குப் பாலும் சர்க்கரையும் வயிற்றைக் கலக்கிவிடும் என்று சொல்லி, அந்த விரலை அம்மா பக்கம் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி: மதுரை

விடியற்காலைக் கிளம்பல். மல்லிக்குக் கடைசிச் சாப்பாடு முந்தின ராத்திரி, காலையில் இரண்டு வாய் தண்ணீர் மட்டும். பனி இருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை தூங்கினாள். தே. கல்லுப்பட்டி பக்கம் வேகத்தடைகள் தொடர்ந்து வந்ததில் ஒரு சின்ன வாந்தி, வெறும் நுரை. பேண்டேஜ் துணியால் துடைத்து, விரிப்பை மாற்றினோம். சல்லிசான விலைக்கு மாமா வாங்கிக் கொடுத்த அந்தத் துணிக் கட்டுதான் இந்தப் பயணத்தில் அதிகம் உதவிய பொருள்.

டீக்கடையில் அவளைத் தரையில் விடவில்லை. கடைக்காரருக்கு வருத்தம், "நல்ல இடம்தாம்மா, விடுங்க" என்றார். தடுப்பூசி முழுசாக முடியாத குட்டிக்கு ரோட்டோர மண்தான் பயம். பார்வோ கிருமி, நோய் கண்ட நாயின் மலம் விழுந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் காரின் பின்கதவைத் தூக்கி, டிக்கியில் மணல் டிரேயை வைத்து, கழுத்துப்பட்டையில் வாரை மாட்டிய பிறகே கூண்டைத் திறப்போம். கதவைத் திறந்துவிட்டு வாரைத் தேடுவது ஆகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நொடி போதும்.

மதுரையில் போனிலேயே நாய்க்குட்டி உண்டு என்று சொல்லித்தான் விடுதி பேசியிருந்தோம். வாசலில் நிற்கும்போது மேனேஜர் முடியாது என்றுவிட்டார். முன்பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏசியை ஓடவிட்டுத் தம்பி காரிலேயே இருக்க, நானும் அம்மாவும் போனில் தேடினோம். கடைசியில் ஒத்தக்கடையில், யானைமலை தெரிகிற ஒரு வீட்டு மாடி கிடைத்தது, ஒரு நாளுக்கு ஆயிரத்து இருநூறு. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். குட்டியைப் பார்த்ததும் செருப்பு, துடைப்பம், மிதியடி எல்லாவற்றையும் தானே எடுத்து மேலே வைத்தார். "கடிக்கிற வயசு. கடிச்சப்புறம் அடிக்கிறதுக்கு, கண்ணுல படாம வெச்சுட்டா போச்சு." இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கையைக் கடித்தால் நாங்கள் செய்வதும் அதுதான்: கையை உதறாமல் அசையாமல் வைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட பழைய துண்டை வாயில் கொடுப்பது. கையை இழுத்தால் அவளுக்கு அது விளையாட்டு. ராத்திரி கறிதோசை பார்சல். வெங்காயம் நாய்க்கு விஷம், ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் பொட்டலத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டோம். நல்ல காற்று, நல்ல தோசை.

பிப்ரவரி 9, ஞாயிறு: திருச்சி

நான்கு வழிச்சாலை. வேகத்தடை இல்லை, வாந்தியும் இல்லை. ஆனால் பஸ் ஹாரன். மேலூர் தாண்டி ஒரு தனியார் பஸ் ஏர் ஹாரனை அடித்துக்கொண்டு ஒட்டிப் போனதும் மல்லி கூண்டின் மூலையில் ஒடுங்கி நடுங்கினாள். குட்டிகளுக்கு மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைக்குமான காலம்தான் உலகத்தைப் பழகும் காலம். அதற்குள் பயமில்லாமல் பார்த்தவை பிற்பாடும் பயமில்லாதவை. ராஜபாளையம் இயல்பிலேயே அந்நியரை நம்பாத காவல் நாய், அதற்கு இந்த வாரங்கள் இன்னும் முக்கியம். தடுப்பூசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடும். தரையில் விடாமல், கூண்டிலோ கையிலோ வைத்து எல்லாவற்றையும் காட்டலாம்.

ஆகவே கொட்டாம்பட்டி அருகே சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். தூரத்தில் ஹாரன் கேட்கும்; கேட்ட உடனே கம்பி வழியாக ஒரு நகக்கண் அளவு கோழி. ஹாரன், கோழி. ஹாரன், கோழி. முதலில் காது படுத்தபடியே வாங்கினாள். பிறகு காது நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில், லாரி ஒன்று கத்திக்கொண்டு போக, மல்லி சாலையைப் பார்க்கவே இல்லை, நேரே என் விரலைப் பார்த்தாள். அம்மா கை தட்டிவிட்டு, சத்தம் போட்டுவிட்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கும் ஒரு கோழித்துண்டு கொடுத்தேன்.

விராலிமலையில் செவ்வாய்க்கிழமைத் தைப்பூசத்துக்கு இப்போதே கூட்டம். எங்கோ மேளம் கேட்டது. இறங்கி டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய், நல்ல கெட்டி டீ. குட்டியைக் கையில் வைத்திருந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள். நான் பயந்தது இதற்குத்தான், நடந்ததோ வேறு. "தொடலாமாக்கா?" என்று ஒரு சிறுமி முதலில் கேட்டாள், மற்றவர்களும் அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள். உட்கார்ந்துகொள்ள வேண்டும், ஒருவர் ஒருவராக, தலைக்கு மேலே கை கொண்டு போகாமல் தாடைக்குக் கீழே தடவ வேண்டும் என்றேன். அப்படியே செய்தார்கள். பிஸ்கட்டை நீட்டிய பையனிடம் அதற்குப் பதிலாக ஒரு கோழித்துண்டைக் கொடுத்து ஊட்டச் சொன்னேன். மல்லி அவன் உள்ளங்கையை நக்கி முடித்தும் அவன் கையைக் கீழே இறக்கவில்லை.

திருச்சியில் அம்மாவின் சித்தி வீடு. சித்திப் பாட்டிக்கு நாய் என்றால் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்: தாம்பரம்

நீளமான நாள், முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம்: மணல், தண்ணீர், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கும் பயிற்சி. மூக்குக்கு மேலே தின்பண்டத்தைப் பிடித்தால் தலை அண்ணாந்து பின்பக்கம் தானாக உட்காரும். அந்த நேரத்தில் "உட்கார்" என்று சொல்வது. இரண்டாவது நிறுத்தத்திலேயே, கை மேலே போனதும் உட்கார்ந்துவிட்டாள்.

பெரம்பலூர் தாண்டி நடுப்பகலில் பஞ்சர். டயர் மாற்ற வண்டியைத் தூக்க வேண்டும், ஏசி நின்றுவிடும். வெளியே முப்பத்து மூன்று டிகிரி. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி வரை ஏறும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய லாபம் கிடையாது. நாய்க்கு உள்ளங்கால் தவிர வியர்வை இல்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. நான் கூண்டைப் பெல்ட்டிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு புளியமர நிழலுக்கு ஓடினேன்.

ஸ்டெப்னியிலும் காற்று குறைவு. மெதுவாக உருட்டிப் பஞ்சர் கடை வரை போய், அங்கே நின்றோம். கடைக்காரர் இளவயதுக்காரர். வண்டியைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் கூண்டைப் பார்த்தார். மூச்சிரைப்பு வேகமாக இருந்தது, நாக்கு அகலமாகத் தொங்கியது. டியூப் முக்கிப் பார்க்கும் தொட்டித் தண்ணீரைத் தொடாமல், குடிநீர் கேனைச் சரித்து ஒரு சாக்கை நனைத்து, கூண்டுக்குக் கீழே விரித்தார். "வெயில் காலத்துல எங்க ஆட்டுக்குட்டிக்குச் செய்யிறதுதாங்க." நான் வயிற்றையும் பாதங்களையும் ஈரத்துணியால் ஒற்றினேன். தம்பி அட்டையால் விசிறினான். மூச்சு படிப்படியாகத் தணிந்து, எழுந்து தண்ணீர் குடித்து, சாக்கின் நுனியைக் கடிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

பஞ்சருக்கு நூற்றைம்பது கேட்டார். இருநூறு கொடுத்தால் ஐம்பதைத் திருப்பித் தந்துவிட்டார். சாக்கை மட்டும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்கப்புறம் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், மதுராந்தகம், எல்லாம் அசதியில் ஓடின. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி நெரிசலில் இரண்டு பக்கமும் ஹாரன்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மல்லி கோழிக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தாள். வீடு சேர ராத்திரி ஒன்பது.

பிப்ரவரி 11, செவ்வாய்: வீடு

எல்லோருக்கும் உடம்பு வலி, மல்லியைத் தவிர. கூண்டு காரிலிருந்து இறங்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. புது வீட்டின் வாசனைக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். காலையில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்ததும் நேரே அதற்குள் போனாள். மணல் டிரே பால்கனியில். இனி நாள்தோறும் ஒரு கை பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணல் சேர்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் எடை பார்த்தார், ஆறு கிலோ நூறு கிராம். இரண்டாவது ஊசிக்குத் தேதி குறித்தார். அது பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போகும், வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பயணத்தில் வாந்தி வந்தால் மனிதர்கள் போடும் மாத்திரையைத் தரவே கூடாது, குட்டிகளுக்கென்று மருந்து இருக்கிறது, எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார். ஊசி போடாத நாள்களிலும் சும்மா காரில் கூட்டிவந்து, மேசை மேல் நிறுத்தி, ஏதாவது தின்னக் கொடுத்துக் கூட்டிப்போகச் சொன்னார். கார் என்றால் ஊசி என்று மனதில் பதியக் கூடாது அல்லவா. வியாழக்கிழமை முதல் தடவை போகிறோம். கோழியை நறுக்கி வைக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார்.